பின்னுக்கு எத்தினை பேர்? ஃபுட்போல் மனேஜரோடு ஐந்து வருசம்

2020 செப்டம்பரில் எபிக் இணையக் கடையில் ஃபுட்போல் மனேஜர் 2020 என்கிற கணினி விளையாட்டை ஒரு கிழமைக்கு இலவசமாகப் போட்டார்கள். கொரோனாக் காலம். பரந்தனில் நான் வைத்திருக்கிற போட்டோக்கொப்பிக் கடை திறந்த நாளைவிடப் பூட்டிய நாள்தான் கூட. இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முடிக்க மூன்று இரவு பிடித்தது. அன்றைக்குத் தொற்றினது இன்னும் விடவில்லை. 2024 செப்டம்பரில் 24-ஆம் பதிப்பும் அதே மாதிரி இலவசமாகக் கிடைத்தது. 25 வரவே இல்லை. 2025 பெப்ரவரியில் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். 2025 நவம்பரில் வந்த 26-ஐ நான் தொடவில்லை, என்னுடைய லப்டொப்பின் வயசு அப்படி. ஆகவே நான் எழுதுகிறதெல்லாம் 24-ஐ வைத்துத்தான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இதில் நீங்கள் பந்தை உதைக்கமாட்டீர்கள். ஆளைப் பிடிக்கிறது, சம்பளம் பேசுகிறது, யார் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்கிறது, பிறகு கோட்டுக்கு வெளியே நின்று வயிறெரிகிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு வீரனுக்கும் வேகம், பந்தை அடக்கும் திறமை, முடிவெடுக்கிறது, உழைப்பு என்று பத்துக்கணக்கில் குணங்கள். எல்லாவற்றுக்கும் 1 முதல் 20 வரை புள்ளி.

இலங்கை லீக் ஆடக்கூடிய பட்டியலில் இல்லை. அதனால் இங்கிலாந்து லீக் வரிசையின் ஆறாம் படிக்குப் போனேன். விளையாட்டு இறங்கவிடுகிற அடிமட்டம் அதுதான். அங்கே ஸ்கார்பரோ அத்லெட்டிக் என்று ஒரு கடற்கரைப் பட்டினக் கழகம். 2007-இல் பழைய கழகம் கடனில் மூழ்கிப்போக, ஆதரவாளர்களே சேர்ந்து புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் பத்து வருசம் பக்கத்துப் பட்டினமான பிரிட்லிங்டனில் போய் விளையாடி, 2017-இல்தான் ஊர் திரும்பினார்கள். வாசித்தவுடன் வேறு கழகம் தேடவில்லை.

லப்டொப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டுத்தான் கனபேர் கடைக்கு வருகிறார்கள். என்னுடையது செகண்ட்ஹாண்ட், 8 ஜிபி ராம். தொடங்கும்போது ஒரு நாட்டை மட்டும் ஏற்றுங்கள். டேட்டாபேஸ் 'ஸ்மோல்' போதும். மட்சை 3டியில் பார்க்க ஆசைப்படவேண்டாம், 2டிதான் நல்லது. ஆள் வட்டப் புள்ளியாகத் தெரிகிறது குறையென்று நினைத்தேன். தந்திரம் பழகுகிறவனுக்கு அதுதான் வரம். இடைவெளி கண்ணில் படும். ஓட்டோசேவைக் கிழமைக்கொரு தரமாக வைத்து, மூன்று கோப்பாகச் சுழலவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், நாற்பது நிமிசம் நிற்கிற பட்டறியோடு இதைப் படித்தவன் நான்.

இனி விசயத்துக்கு வருவம்.

முதல் சீசன் நான் செய்ததைத்தான் எல்லாரும் செய்வார்கள். 'எல்லா அணியையும் வெல்லும் தந்திரம்' என்று இணையத்தில் கிடந்த ஒன்றை இறக்கி அப்படியே போட்டேன். 4-2-3-1 (பின்னிருந்து முன்னுக்கு ஆட்களின் எண்ணிக்கை), பின்வரிசை மைதானத்தின் நடுவுக்கு ஏறி நிற்கும், பந்து பறிபோன கணமே எல்லாரும் பாய்ந்து நெருக்குவார்கள். ஜெர்மனியில் ரால்ஃப் ராங்க்னிக் வளர்த்து, லிவர்பூலின் பயிற்றுநராக இருந்த க்ளொப் உலகம் முழுக்கத் தெரியவைத்த கேகன்பிரஸ். லிவர்பூலுக்கு அது சரி. என்னுடைய பெடியள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்கு வருகிற பகுதிநேரக்காரர். மூச்சுப்பிடிப்பு 9, உழைப்பு 10. பின்வரிசை நடுவில் நிற்கிற சென்டர் பெக் இரண்டு பேருடைய வேகமும் 7. முதல் அறுபது நிமிசம் நாங்கள்தான் ராசா. எழுபதில் நாக்குத் தள்ளும். எதிராளி பின்வரிசைக்குப் பின்னால் ஒரு நீளப் பந்து போடுவான், அதைத் துரத்துகிறவனின் வேகம் 14. நவம்பருக்குள் கடைசிக்கு மூன்றாம் இடம்.

இறக்கின தந்திரம் பிழையென்று சொல்லவரவில்லை. அது வேறு யாருடையதோ காலுக்கு அளவெடுத்த சப்பாத்து.

அந்தக் கிழமைதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அந்தக்காலத்தில் சென்டர் ஹாவ் ஆடினவர், இப்பவும் எங்கட ஊர்ப் பெடியளைப் பின்னேரத்தில் பழக்குகிறார். காலபோக வெட்டு முடிந்து மாடு மேய்கிற வெளிதான் மைதானம், இரும்புப் பைப்பில் ஒட்டின கோல்கம்பம், மாசியில் தரை கல்லு மாதிரி. காணி உறுதி கொப்பி எடுக்க வந்தவர் என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார்.

"உதென்னடா, புள்ளியள் ஓடுது?"

விளக்கினேன். சும்மா நிற்கட்டும் என்று, பிரான்சின் ரெய்ம்ஸ் கழகத்தை 30 வயதளவில் பொறுப்பெடுத்த வில் ஸ்டில் சின்னனில் இதை விளையாடினவர் என்றும் சொன்னேன். மாமா அசையவில்லை.

"இதை விளையாடித்தான் அவன் கோச் ஆனவனோ?"

இல்லைத்தான். ஸ்டில் இங்கிலாந்தில் பயிற்றுவிப்புப் படித்தவர், பெல்ஜியத்தில் வீடியோ ஆய்வாளராக வேலை செய்தவர். வாயை மூடிக்கொண்டு மட்சை ஓடவிட்டேன். ஸ்பென்னிமூரில் ஆட்டம், 62-ஆவது நிமிசம், 1-0 முன்னுக்கு நிற்கிறோம். 64-இல் ஒரு கோல் வாங்கினோம். 71-இல் அச்சொட்டாக அதே கோல் இன்னொரு தரம்.

மாமா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "திருப்பிப் போடு." போட்டேன். எங்களுடைய வலது விங்கர், ஓரத்தால் முன்னேறுகிறவன், மூலைக்கொடிக்குக் கிட்டப் பந்தோடு நிற்கிறான். பின்வரிசை ஓரத்தில் நிற்கவேண்டிய வலது புல்பெக்கும் அவனுக்குப் பக்கத்தில். மைதான நடுவில் நிற்கவேண்டிய இரண்டு ஹாவும் கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள். பந்து பறிபோகிறது.

"நிப்பாட்டு. இப்ப மேல எத்தினை பேர்?"

"ஏழு பேர், மாமா."

"பின்னுக்கு?"

எண்ணினேன். இடது புல்பெக் பாதி வழியில். கோலியை விட்டால் இரண்டு சென்டர் பெக் மட்டும். அதில் வலதுபக்கத்தான் புல்பெக் விட்ட ஓட்டையை அடைக்க வெளியே இழுபட, நடுவில் மற்றவன் தனிய.

"பந்து எங்களிட்ட இருக்கேக்கதான் பின்னுக்கு ஆக்களை எண்ணோணும். பந்து போனாப்பிறகு எண்ணி என்னத்தைச் செய்யிறது?"

கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காசும் தரவில்லை.

இந்த ஐந்து வருசத்தில் நான் படித்த வழிகாட்டிகள் எதுவும் அந்த ஒரு வசனத்துக்குக் கிட்ட நிற்காது. விளையாட்டின் தந்திரப் பலகையில் ஒவ்வொரு ரோலுக்கும் கீழே டியூட்டி என்று ஒன்று இருக்கும்: டிஃபென்ட் (பின்னுக்கு நிற்கிறது), சப்போர்ட் (துணைக்குப் போகிறது), அட்டாக் (ஏறித் தாக்குகிறது). பலகையில் தெரிகிற 4-2-3-1 பந்து எதிராளியிடம் இருக்கிறபோது நிற்கிற வடிவம். பந்து எங்களிடம் வந்ததும் யார் போவது, யார் நிற்பது என்பதை டியூட்டிதான் தீர்மானிக்கிறது. என்னுடைய வலதுபக்கத்தில் விங்கருக்கும் அட்டாக், புல்பெக்குக்கும் அட்டாக். ஒரே வாசலால் இரண்டு பேரும் வெளியே போனால் வீட்டைப் பார்க்கிறது யார்?

அன்றிரவே மாற்றினேன். 4-4-2. வலதில் விங்கர் அட்டாக், அவனுக்குப் பின்னால் புல்பெக் டிஃபென்ட். இடதில் மறுவளமாக: முன்னுக்கு நிற்கிறவன் சப்போர்ட்டில் உள்ளுக்கு வருவான், புல்பெக் அட்டாக்கில் ஏறுவான். நடு இரண்டில் ஒருத்தன் டிஃபென்ட், அசையக்கூடாது. மற்றவன் பெட்டிக்குப் பெட்டி ஓடுவான். முன்னுக்கு உயரமானவன் ஒருவன் சப்போர்ட்டில், ஓடக்கூடியவன் ஒருவன் அட்டாக்கில். இப்போது எண்ணிப் பாருங்கள்: இரண்டு சென்டர் பெக், வலது புல்பெக், ஒரு ஹாவ். நாலு பேர் எப்பவும் பின்னுக்கு. எதிரணி ஒற்றை முன்கள வீரனோடு வந்தால் மூன்று போதும், அப்போது அந்த ஹாவைச் சப்போர்ட்டுக்கு விடுவேன். இரண்டு பேரோடு வந்தால் நாலில் கைவைக்கமாட்டேன். அடுத்த ஏழு மட்சில் வாங்கினது மூன்று கோல். அதில் ஒன்று எங்கட கோலியே உள்ளே தட்டினது.

அடுத்தது உயரம். பின்வரிசை எவ்வளவு மேலே நிற்கவேண்டும், நெருக்குகிறதை எங்கே தொடங்கவேண்டும் என்று இரண்டு தனித்தனி அமைப்பு உண்டு. கனபேர் பின்வரிசையைப் பயத்தில் கீழே இறக்கிவிட்டு, முன்னுக்கு நிற்கிறவர்களை எதிராளியின் பெட்டிவரை துரத்தவிடுகிறார்கள். நடுவில் ஒரு வயல் அளவு வெளி திறக்கும், எதிரணியின் ஹாவ் அதற்குள் நின்று தேத்தண்ணி குடிப்பான். இத்தாலியின் மிலான் கழகத்தில் பயிற்றுநராக இருந்த அரிகோ சாக்கி கடைசித் தடுப்பாளனுக்கும் முன்கள வீரனுக்கும் இடையில் 25 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்று பழக்கினவர். ஏறினால் இரண்டும் ஏறவேண்டும், இறங்கினால் இரண்டும் இறங்கவேண்டும். என்னுடைய சென்டர் பெக்குகளின் வேகம் 7 என்பதால் இரண்டையும் நடுவுக்கு ஒரு படி கீழே வைத்தேன்.

மென்டாலிட்டி என்கிறதை 'நல்லா விளையாடு' பொத்தான் மாதிரிப் பாவிக்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்துக்குத் துணிவது என்கிற அளவு. அதை ஏற்றினால் பாஸ் வேகம், அகலம், பின்வரிசை உயரம் எல்லாம் நீங்கள் தொடாமலே சேர்ந்து ஏறும். ஒரு கோல் பின்னுக்கு நிற்கும்போது பதற்றத்தில் 'வெரி அட்டாக்கிங்' போட்டேன் என்றால், பெட்டிக்குள் ஒன்பது பேரை அடைத்து வைத்திருக்கிறவனுக்கு முன்னால் என்னுடைய ஆட்களும் போய் நெரிபடுவார்கள், அவ்வளவுதான். அப்படி அடைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு நான் இப்போது 'பலன்ஸ்ட்'டிலேயே விட்டு, பாஸ் வேகத்தைக் குறைத்து, பின்வரிசையையும் ஒரு படி இறக்குவேன். ஆளை வெளியே வரப்பண்ண வேண்டும். எண்பதாவது நிமிசத்தில் அந்தப் பொறுமை எல்லா நாளும் வருவதில்லை, அது என்னுடைய குறை.

டிக் போடுகிற அறிவுறுத்தல்கள் இருக்கே, அதில் கை நீளவிடவேண்டாம். ஒரு வாய்க்காலைத் திறந்தால் இன்னொரு வயலுக்குத் தண்ணி குறையும். சீக்கிரம் குறொஸ் போடு என்று சொன்னால், ஏறி வருகிற புல்பெக் வீணாக ஓடுகிறான். என்னுடைய பலகையில் இப்போது மூன்று டிக்தான்.

ஒன்றை மாற்றினால் ஐந்து மட்ச் பொறுங்கள். முக்கியமாகக் கீழ்ப்படிக் கழகங்களில். பகுதிநேர அணிக்குப் பயிற்சி நேரம் குறைவு, வடிவம் பழகுகிற பட்டை நத்தை மாதிரித்தான் நிறையும். மூன்று தந்திரம் வைத்துக்கொள்ள இடம் தருவார்கள். மூன்றிலும் ஒரே 4-4-2-ஐ வைத்து, மென்டாலிட்டியையும் ஓரிரு டியூட்டியையும் மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு மட்ச் தோற்றதும் 3-5-2-க்குப் பாய்கிறவனுக்கு எந்த வடிவமும் நிரம்பாது.

ஆள் பிடிக்கிறதில் என் கணக்கு சுருக்கமானது. இந்தப் படியில் வேகமும் முடுக்கமும்தான் முதல். அடுத்தது உழைப்பு. அழகாகப் பாஸ் போடுகிற வேகம் 6 ஹாவைப் பார்த்து மயங்கி ஒரு சீசன் வீணாக்கினேன். தடுப்பாளனுக்கு மட்டும் நிற்கிற இடம், முன்கூட்டி உணர்கிறது, கவனம் மூன்றையும் பார்ப்பேன். கவனம் 6 உள்ளவன் 88-ஆவது நிமிசத்தில் ஆளை விட்டிருப்பான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்னரை அரைமணித்தியாலம் இருந்து அமைத்துவிடுங்கள். உயரமான இரண்டு பேரைக் கிட்டக் கம்பத்துக்கு ஓடவிட்டு, ஒருவனைக் கோலிக்கு முன்னால் நிறுத்தினேன். போன சீசன் எங்களுக்குக் கிடைத்த கோலில் ஏறத்தாழ நாலில் ஒன்று இப்படி வந்தது. அதிலும் பின்னுக்கு மூன்று பேரை விட மறக்கவேண்டாம், மாமா வந்தால் எண்ணுவார். எக்ஸ்ஜி எண்களை (கிடைத்த வாய்ப்புகளுக்கு எத்தினை கோல் எதிர்பார்க்கலாம் என்கிற கணக்கு) ஒரு மட்சில் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், அழவும் வேண்டாம். பத்து மட்சைச் சேர்த்துப் பாருங்கள். பத்திரிகையாளர் சந்திப்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன். அதே கேள்வியை நாற்பதாவது தரம் கேட்டால் யாருக்கும் சலிக்கும்.

இரண்டாம் சீசன் ஐந்தாவதாக வந்தோம். இரண்டிலிருந்து ஏழு வரை வருகிறவர்களுக்கு பிளேயோஃப், அதாவது மேலே ஏற இன்னொரு அணியைத் தீர்மானிக்கிற ஆட்டங்கள், உண்டு. அரையிறுதியில் பெனால்டியில் போய்விட்டது. மூன்றாம் சீசன் முதலிடம், நேரே ஐந்தாம் படி. அன்றைக்கு இரணைமடு வான்கதவு திறந்திருந்த மழை, கடைக்கு ஒரு ஆள் வரவில்லை, ரவுட்டர் விளக்கும் அணைந்து கிடந்தது. கேட்க ஆளில்லாமல் தனிய நின்று கையைத் தட்டினேன்.

இப்போது ஐந்தாம் படியில் 11-ஆம் இடம். வாங்குகிற கோலெல்லாம் திரும்ப ஒரே பக்கத்தால் வருகிறது, இந்தமுறை இடது. அட்டாக்கில் ஏறுகிற புல்பெக்குக்குத் திரும்பி வர மூச்சில்லை, 31 வயது. புதிதாகத் தேவையானவன்: வேகம் 12-க்கு மேல், மூச்சுப்பிடிப்பு 13, இடதுகால். கிழமைக்கு 900 பவுண்வரை தரலாம். இரண்டு மாதமாகத் தேடுகிறேன், ஆள் அம்பிடவில்லை.