ஆறு மில்லி துளைக்கு டேப்பா, வெட்டுப் போல்ட்டா?

பர்மாவின் மோல்மீனில் மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மூடியைக் கழற்றினால் போல்ட் கறகறவென்றுதான் வெளியே வரும், துளைக்குள் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அலுமினியத்தில் இரும்புப் போல்ட் ஈரத்தோடு கிடந்தால் அப்படித்தான். துளையின் மரையைச் சுத்தம் செய்ய உடனே எல்லோரும் டேப் போடச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன்.

டேப் மரை வெட்டுகிற கருவி. அதற்குப் பொடியும் ஒன்றுதான், நல்ல அலுமினியமும் ஒன்றுதான். கொஞ்சம் சாய்ந்து நுழைந்தால் இரண்டையும் சேர்த்துச் சீவிவிடும், அப்புறம் போல்ட் லொடலொடக்கும். ஆறு மில்லி டேப் வளையவும் வளையாது, படக்கென்று ஒடியும். பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கியதை நானே ஒருமுறை உள்ளே ஒடித்துவிட்டேன், டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போனது. பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்து, "டேப்பை விடு தம்பி, எஞ்சின் கேஸை என்ன செய்யப் போறே?" என்றார்.

அவர் காட்டியதுதான் வெட்டுப் போல்ட். அதே அளவு, அதே 1 மில்லி மரை உள்ள ஒரு நல்ல போல்ட்டில் முதலில் நட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு நுனியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஹாக்சாவால் நெடுக்காக மூன்று காடி, அதாவது பள்ளம், அறுத்து, நுனியை அரத்தால் லேசாகக் கூராக்கி, நட்டைக் கழற்றினால் பிசிறை அதுவே வழித்துக்கொண்டு வரும். காடியில் கிரீஸ் அப்பி விரலாலேயே தொடங்க வேண்டும், விரலுக்கு வராவிட்டால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. இழுத்தெடுக்கும்போது காடி முழுக்கச் சாம்பல் நிறச் சேறு இருக்கும்.

வெறும் அழுக்கு என்றால் இதுகூட வேண்டாம், மண்ணெண்ணெயும் சின்ன பிரஷும் போதும். மரை சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் சேசர் நல்ல பொருள்தான், எங்கள் கடைத்தெருவில் நான் பார்த்ததில்லை.

ஆனால் யாரோ போல்ட்டைக் கோணலாக ஏற்றி முதல் இரண்டு மரையை நசுக்கியிருந்தால் வெட்டுப் போல்ட் உதவாது. அங்கே டேப்தான், அதுவும் மண்ணெண்ணெய் விட்டு, நிமிர்த்திப் பிடித்து.

எதைப் போட்டாலும், அடி மூடிய துளையாக இருந்தால் துடைப்பக் குச்சியில் பஞ்சு சுற்றி எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கிய துளையில் போல்ட்டை முறுக்கினால், போக வழியில்லாமல் அது கேஸையே பிளந்துவிடும்.