பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட்: எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

பழைய கார்களில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் சின்னப் பெட்டியில் வரும். சென்சார் உள்ள ஒரு மாட்யூல், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் இருக்கும் கேமின் மேல் அழுத்தி மாட்டும் காந்த வளையம், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், ஒரு பிளாஸ்டிக் கேஜ், அவ்வளவுதான். பாயிண்டையும் (கேம் தள்ளும்போது திறந்து, பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கண்டென்சரையும் (பாயிண்ட் திறக்கும்போது அதில் எழும் பொறியை அடக்கும் பொருள்) கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்துவிடலாம். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இதைத் தவறான நேரத்தில் வாங்குகிறார்கள். வண்டி மிஸ் அடிக்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது என்றதும் கிட்டை மாட்டிவிடுகிறார்கள். பழுது பாயிண்டில் இல்லையென்றால் அது அப்படியே இருக்கும். இதுவரை சந்தேகப்பட வேண்டியிராத ஒரு புதுப் பொருளும் பட்டியலில் சேர்ந்துவிடும்.

அதனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பாயிண்ட் இருக்கும் நிலையிலேயே வண்டியைச் சோதித்துவிட வேண்டும். மல்டிமீட்டர் ஒன்று போதும். நெகட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்று வைத்துக்கொள்வோம். பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி, சாவியைப் போட்டு, காயிலின் பிளஸ் முனையில் வோல்ட்டேஜைப் பாருங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் மின்தடை) இல்லாத 3 ஓம் காயிலானால் பேட்டரி வோல்ட்டேஜுக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பேலஸ்ட் உள்ள 1.5 ஓம் காயிலானால் 6 முதல் 8 வோல்ட் வரை காட்டும். பாயிண்ட் மூடியிருப்பது இதில் மிக முக்கியம். திறந்திருந்தால் கரண்டே ஓடாது. ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட முழு 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். இக்னிஷன் சுவிட்ச் தேய்மானமும், ஃபியூஸ் பெட்டியில் பூத்த களிம்பும் இந்த ஒரு சோதனையில் வெளியே வந்துவிடும்.

அடுத்து காயிலின் மைனஸ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: கருகிய பாயிண்ட், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் லோ டென்ஷன் வயர், பாயிண்ட் பொருத்தியிருக்கும் பேஸ் பிளேட்டை எர்த் செய்யும் குட்டி வயர். கடைசி இரண்டும், எஞ்சினின் உறிஞ்சலால் பேஸ் பிளேட்டைத் திருப்பிப் பொறியை முந்த வைக்கும் வாக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் மடங்கி நிமிர்கின்றன. மேலுறை பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். ஐடிலிங்கில் ஒழுங்காக ஓடி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் இடறும் வண்டியில் பலர் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் வாக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். முள் ஆடினால் குற்றவாளி அகப்பட்டான். மாற்றும்போது சாதாரண வயர் போட்டால் சீக்கிரமே மறுபடி அறும். மெல்லிய இழைகள் நிறைந்த, வளையும் சிலிகான் உறை வயர்தான் அங்கே தாங்கும். பல கிட்களின் மாட்யூல் அதே பேஸ் பிளேட் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது என்பதால், இந்தப் பழுதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கிட்டோடு சேர்ந்து அதுவும் தொடரும்.

மூடிக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் கரண்டைக் கடத்தும் ரோட்டாரையும் விட்டுவிடக் கூடாது. மூடியைக் கழற்றி, ரோட்டாரை அதன் இடத்திலேயே வைத்து, காயிலிலிருந்து வரும் நடு வயரின் முனையை இன்சுலேஷன் உள்ள குறட்டால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்கு மேலே சுமார் 6 மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்டை ஸ்க்ரூடிரைவரால் திறந்து திறந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் பித்தளைக்குப் பளிச்சென்று பொறி பாய்ந்தால் கரண்ட் ரோட்டார் வழியாக ஷாஃப்டில் இறங்குகிறது என்று பொருள். அந்த ரோட்டாரைத் தூக்கிப் போடுங்கள். கண்டென்சர் போனதற்கு அடையாளம் வேறு: பாயிண்டில் நீலம் பாரித்த கருகல், கண்ணுக்குத் தெரியும் பெரிய பொறி. அதை மாற்றிப் பார்ப்பதுதான் வேகமான வழி.

இதெல்லாம் சரியாக இருந்தால் கிட் தன் அருமையைக் காட்டும். பாயிண்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி வரும் நேரம்) பின்வாங்கும். டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 1 டிகிரி கூடினால் கிராங்க் கணக்கில் டைமிங் ஏறத்தாழ 1 டிகிரி தள்ளிப்போகும். காந்த வளையத்தில் தேய்வதற்கு எதுவும் இல்லாததால் ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும். புஷ் கொஞ்சம் தேய்ந்து ஷாஃப்ட் ஆடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி வேறு வேறாக இருக்கும்; சென்சார் அந்த ஆட்டத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். ஐடிலிங் சீராவது இதனால்தான். ஆனால் வேகத்துக்கேற்ப டைமிங்கை முந்த வைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்திருந்தாலோ ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலோ கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பொறி வலுவாகும் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். காயில் அதேதான், பொறியும் ஏறத்தாழ அதேதான்.

மாட்யூல் எரிந்து போவது பெரும்பாலும் மாட்டியவர் கையில்தான். முதலில் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பல பாசிட்டிவ் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான மாட்யூலை அதில் இணைத்தால் சாவியைப் போட்ட கணமே போய்விடும். பிறகு காயிலின் பிரைமரியை (பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே உள்ள மின்தடையை) அளந்து பாருங்கள். 3 ஓமில் சுமார் 4 ஆம்பியர் ஓடும். பேலஸ்ட் இல்லாமல் 1.5 ஓம் காயிலை வைத்தால், எஞ்சின் ஓடும்போது இருக்கும் 14 வோல்ட்டில் 9 ஆம்பியரைத் தாண்டும். சாதாரண மாட்யூல் அதைத் தாங்காது. சிவப்பு வயருக்குச் சாவி போட்டதும் முழு 12 வோல்ட் வரும் இடம் வேண்டும். பேலஸ்ட் இருக்கும் வண்டியில் அதற்கு முன்னால் இணைக்க வேண்டும், பின்னால் அல்ல. பிளக்குகளுக்கு உயர் வோல்ட்டேஜைக் கொண்டுபோகும், செம்புக் கம்பி உள்ள பழைய ஹெச்.டி. (ஹை டென்ஷன்) வயர்களை அப்படியே விட்டால் அவற்றின் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும். கார்பன் வயரோ ரெசிஸ்டர் பிளக்கோ போடுங்கள். வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே கேஜ் காட்டும் இடைவெளியை விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கடைசியில் டைமிங் லைட் வைத்துப் பார்ப்பது கட்டாயம். பழைய குறியீடு இனி பொருந்தாது.

வயரில் ஓடும் கரண்டை உணர்ந்து எஞ்சின் வேகத்தைக் காட்டும் பழைய டாக்கோமீட்டர்கள் சில கிட்களோடு ஒத்துப்போவதில்லை. முள் துள்ளினால் பழுது எஞ்சினில் இல்லை.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டால் பாயிண்ட் உள்ள வண்டியில் காயில் சூடாகும், பாயிண்ட் கருகும். மலிவான மாட்யூலில் டிரான்சிஸ்டரே போய்விடும். கரண்டைத் தானே அணைக்கும் பாதுகாப்பு உள்ள மாட்யூல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இன்னொன்று, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சில மாட்யூல்கள் தடுமாறும். அந்த அளவில் பாயிண்ட் இன்னும் பொறி கொடுக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் கிட் அதைக் கேட்காமலேயே காட்டிக்கொடுக்கும்.

நாள்தோறும் ஓடும் வண்டிக்கும், அடிக்கடி பாயிண்ட் சரிசெய்ய அலுத்தவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும், டிஸ்ட்ரிபியூட்டர் நன்றாக இருக்கும் காருக்கு நல்ல பாயிண்டும் கண்டென்சரும் போதும். எதை வைத்தாலும், கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் சரியான ஸ்க்ரூக்களோடும் 0.38 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜோடும் ஒரு பையில் கட்டி டிக்கியில் போட்டு வையுங்கள். வழியில் வண்டி நின்றால் காயிலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் வைத்து செல்ஃப் அடியுங்கள். மினுக்கினால் மாட்யூல் வேலை செய்கிறது, பழுது ஹெச்.டி. பக்கம். மினுக்காமல் இருந்து, சிவப்பு வயரில் 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தால், அந்தப் பையைப் பிரியுங்கள்.