செல் சவ்வுக் கடத்தல் செய்முறைப் பெட்டி: பொருள்கள் தரமானவை, கையேடு திருத்தப்பட வேண்டும்

செல் சவ்வின் வழியே பொருள்கள் ஆற்றல் செலவின்றி எவ்வாறு கடக்கின்றன என்பதை வகுப்பறையிலேயே செய்து காட்டுவதற்கென விற்கப்படும் செய்முறைப் பெட்டி ஒன்றை வாங்கி, என் உயிரியல் மாணவர்களுடன் மூன்று வகுப்புகளில் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். டயாலிசிஸ் குழாய் (நுண்துளைகள் உள்ள மெல்லிய படலக் குழாய்) ஒரு சுருள், கவ்விகள், ஸ்டார்ச், குளுக்கோஸ், சுக்ரோஸ், அயோடின் கரைசல், குளுக்கோஸ் சோதனைப் பட்டைகள், மெல்லிய கண்ணாடிக் குழாய், உப்புப் பொட்டலம், ஸ்லைடுகள், ஒரு கையேடு ஆகியவை அதில் இருந்தன. பொருள்களின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. என் மனக்குறை முழுவதும் கையேட்டின் மீதுதான்.

உலர்ந்த நிலையில் டயாலிசிஸ் குழாய் செலோஃபேன் நாடாவைப் போலத் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். சில நிமிடங்கள் நீரில் ஊறிய பின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மெல்லத் தேய்த்தால்தான் அதன் வாய் திறக்கும். ஸ்டார்ச்சும் குளுக்கோசும் கலந்த கரைசலை உள்ளே ஊற்றிக் கட்டிய பிறகு, ஸ்டார்ச்சை நீலமாக்கும் அயோடின் கலந்த நீருள்ள முகவையில் வைக்கும் முன், குழாயின் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதைக் கையேடு சொல்லவில்லை. கழுவாமல் விட்ட ஒரு குழுவின் முகவையில், வெளியே வழிந்திருந்த ஸ்டார்ச்சால் அயோடின் நீர் முழுவதும் நீலமாகிவிட, ஸ்டார்ச் குழாயைக் கடந்து வந்துவிட்டது என்று அவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். கழுவிச் செய்தவர்களுக்கோ காட்சி அழகாக அமைந்தது: குழாயின் சுவரை ஒட்டி முதலில் மெல்லிய நீலக்கரை தோன்றி, சிறிது சிறிதாக நடுவை நோக்கிக் கருநீலமாகப் பரவியது, முகவை நீரில் தோய்த்த பட்டையும் குளுக்கோஸ் வெளியே வந்துவிட்டதைக் காட்டியது. ஒவ்வொரு பொருளும் தன் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, மற்றதன் திசையைப் பொருட்படுத்தாமல் செல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கண்ணுக்குக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கையேடு இந்தக் குழாயைச் 'செயற்கைச் செல் சவ்வு' என்று அழைக்கிறது. அதுதான் சிக்கல். இத்தகைய குழாய்கள் செல்லுலோசால் ஆனவை. பெரும்பாலும் 12,000 முதல் 14,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) வரையிலான மூலக்கூறு எடையை எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழுள்ளவற்றை விட்டு, மேலுள்ளவற்றைத் தடுக்கும் சல்லடைகள். 180 டால்டன் எடையுள்ள குளுக்கோசுக்கு அது திறந்த கதவு. உண்மையான செல் சவ்வோ ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர் தடிமனுள்ள பாஸ்போலிப்பிடு இரட்டை அடுக்கு. அதன் நடுப்பகுதி எண்ணெய்த் தன்மை கொண்டது என்பதால் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதில் எளிதாக நுழைந்து வெளியேறுகின்றன. குளுக்கோஸ் கடப்பதற்கு அங்கே கடத்திப் புரதம் வேண்டும். குளுக்கோசைவிட மிகச் சிறியதான சோடியம் அயனி, மின்சுமை உடையது என்ற காரணத்தால், தனக்கான கால்வாய்ப் புரதம் இல்லாமல் கடக்க முடியாது. எது கடக்கும் என்பதை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்ற இந்தச் செய்தியும், இப்படிப் புரதங்களின் உதவியோடு கடப்பதைக் குறிக்கும் எளிதாக்கப்பட்ட விரவல் என்ற சொல்லும் கையேட்டில் எங்கும் இல்லாததால், 'சிறியது போகும், பெரியது போகாது' என்ற முடிவோடு மாணவர்கள் எழுந்து செல்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பிழையைத் திருத்தும் சோதனை இதே பெட்டியில் இருக்கிறது; கையேடு அதற்கு ஒதுக்கியிருப்பது மூன்றே வரிகள். ஊதா நிற வெங்காயத்தின் தோலை உரித்து ஸ்லைடில் வைத்து, உப்புக் கரைசலை ஓரமாக விட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். செல்லை நிறைத்திருந்த ஊதா நிறம் சில நிமிடங்களில் மூலைகளிலிருந்து விலகி, நடுவில் உருண்டு ஒதுங்கியது. சவ்வுக்கு வெளியே உள்ள செல் சுவர் நின்ற இடத்திலேயே நிற்க, உப்புநீர் அந்தச் சுவரைக் கடந்து வந்து காலியான இடத்தை நிரப்பியிருந்தது; ஆனால் உள்ளே சுருங்கிய சவ்வை அந்த உப்பு எளிதில் கடக்கவில்லை. தூய நீரை விட்டதும் ஊதா நிறம் மீண்டும் விரிந்தது. செல்லுலோஸ் சுவர் வழிவிட்ட பொருளை உயிருள்ள சவ்வு தடுத்து நிறுத்துவதை ஒரே பார்வையில் காணும்போது, டயாலிசிஸ் குழாய் செல் சவ்வைவிடச் செல் சுவரையே அதிகம் ஒத்திருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. ஒரு மாணவி நான் சொல்வதற்கு முன்பே இதைச் சொன்னபோது, பெட்டிக்குக் கொடுத்த விலை எனக்கு உறுத்தவில்லை.

சவ்வூடுபரவல், அதாவது கரைபொருள் செறிந்த பக்கத்தை நோக்கி நீர் சவ்வைக் கடந்து செல்வது பற்றிய சோதனையிலும் கையேடு வழிதவறுகிறது. சுக்ரோஸ் கரைசல் நிரப்பிய டயாலிசிஸ் குழாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி நீரில் வைத்து, மறுநாள் காலையில் இறுதி மட்டத்தை அளக்கச் சொல்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் மட்டம் விறுவிறுவென ஏறியது. மறுநாள் பார்த்தால் இறங்கியிருந்தது. சுக்ரோசின் எடை 342 டால்டன்தான் என்பதால் அதுவும் மெல்லக் கசிந்துவிடுகிறது. 1877-இல் சவ்வூடுபரவல் அழுத்த ஆய்வுகளை வெளியிட்ட ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஃபர், சர்க்கரையைத் தடுத்து நிறுத்துவதற்காகவே நுண்துளை மண்கலத்தில் காப்பர் ஃபெரோசயனைடு படலத்தை உருவாக்கிப் பயன்படுத்தினார். ஆகவே பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, ஒரு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்வதே சரி. சமநிலை வந்ததும் மூலக்கூறுகளின் இயக்கம் நின்றுவிடும் என்ற வரியையும் அடித்துவிட வேண்டும். இருபுறமும் சம அளவில் கடப்பதால் நிகர இயக்கம்தான் இல்லாமல் போகிறது. நீர் கடக்கும் அக்வாபோரின் கால்வாய்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தக் கால்வாய்களுக்கு ஒரு பத்தியாவது தந்திருக்கலாம்.

வாங்கலாம் என்றே சக ஆசிரியர்களுக்குச் சொல்வேன், கையேட்டின் வரிசையை மாற்றிக்கொள்வதாக இருந்தால். வெங்காயத் தோலை முதலில் வையுங்கள். டயாலிசிஸ் குழாய் அதன் பின் வரட்டும். ஒருமுறை நனைத்த குழாயைக் காயவிட்டால் விரிசல் விட்டுவிடும் என்பதால், அன்றைக்குத் தேவையான நீளத்தை மட்டும் வெட்டி ஊறவைத்து, மீதிச் சுருளை உறையிலேயே மூடி வையுங்கள்.