பள்ளிபாளையம் சிக்கனுக்கு எந்தப் பானம்? கொங்கு மாலைச் சிற்றுணவில் மூன்று வழிகள்

கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ மாலை நேரத்தில் நண்பர்களோடு அமர்ந்து, சிறு தட்டுகளில் நாலைந்து வகை வாங்கிப் பகிர்ந்துண்டு, அவரவர் விருப்பத்துக்கேற்பக் கலந்து தரும் பானத்தோடு பேசிக்கொண்டிருக்க விரும்புவோருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: உரிமம் பெற்ற மதுக்கூடம் உள்ள ஓட்டல், மது இல்லாத குடும்ப உணவகம், தட்டுவடை செட்டும் சர்பத்தும் விற்கும் தெருக்கடை. இவற்றுள் எதைத் தேர்வது என்பதை, தட்டில் இருப்பதற்கும் குவளையில் இருப்பதற்கும் உள்ள பொருத்தமே தீர்மானிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்வோம். காவிரிக்கு இந்தக் கரையில் ஈரோடு, அந்தக் கரையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். சிறு துண்டுகளாக நறுக்கிய கோழி, சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், தேங்காய்ப் பல், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு இதன் சேர்மானம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. கரம் மசாலாவைக் கொட்டி அதே பெயரில் பரிமாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. மதுவோ, சூட்டையும் காரத்தையும் உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. சோடாவின் குமிழிகளும் நாக்கைத் தம் பங்குக்குக் குத்துகின்றன. ஆகவே ஜின், எலுமிச்சை, சோடா கலந்த காக்டெயிலை இந்தத் தட்டின் அருகில் வைத்தால், இரண்டு மிடறுக்குப் பிறகு கோழியின் ருசியும் தெரியாது, பானத்தின் மணமும் தெரியாது.

மதுக்கூடத்தின் உண்மையான சிறப்பு, கலப்பவர் நம்மிடம் கேட்டுக் கலப்பதுதான். இனிப்பைக் குறைத்து, சோடாவுக்குப் பதிலாக இளநீர் ஊற்றித் தரச் சொல்லி, உடன் அவித்த நிலக்கடலையோ மிளகு குறைவாகச் சேர்த்த மீன் வறுவலோ வாங்கினால் அந்த மாலை நிறைவாக அமையும். விலை மூன்றிலும் இங்கேதான் அதிகம். வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டியவருக்கு இந்த வழி கிடையாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், இத்தனை தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தும் நம் மண்ணின் பானம் இந்தப் பட்டியலில் இடம்பெற முடிவதில்லை. தென்னம்பாளையிலிருந்து இறக்கி, புளிக்காமல் குளிர்ச்சியில் காக்கப்பட்ட இனிப்புச் சாறான நீரா கிடைத்தால், அதை அப்படியே குடிப்பதே மேல் என்பேன்.

குடும்ப உணவகங்களின் மாக்டெயில், அதாவது மது சேராத கலவைப் பானங்களின் பட்டியலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் புட்டியிலிருந்து ஊற்றும் வண்ணச் சர்க்கரைப் பாகுதான். குறைக்கச் சொன்னால் நிறம் வெளிறுமே தவிர, சுவை கூடாது. ஆனால் அதே மேசையில் மோர் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றி நாக்கிலிருந்து விலக்குவதால், அடுத்த துண்டுக் கோழியை முழு ருசியோடு உண்ண முடிகிறது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு மூன்று வழிகளில் இதுவே முதலிடம் பெறுகிறது, அதுவும் மாக்டெயில் அட்டையைத் திறக்காமலேயே.

தெருக்கடையின் பலம் வேறு. சேலத்துத் தட்டுவடை செட்டில் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் சேர்கின்றன. மொறுமொறுப்பு குறைவதற்குள் உண்ண வேண்டிய பண்டம் என்பதால் ஏசி அறைக்குக் கொண்டுபோய்ப் பரிமாறினால் பாதிச் சுவை போய்விடும். இதன் காரம் அளவானது, காய்களின் இனிப்பும் உண்டு. எனவே சோடா இங்கே தொந்தரவு செய்வதில்லை. நன்னாரிப் பாகு, எலுமிச்சை, சோடா மூன்றையும் கண்ணெதிரே கலக்கும் கடைக்காரரிடம், “அண்ணா, பாகு கம்மியா, உப்பு ஒரு சிட்டிகை” என்றால் மறுபேச்சின்றிக் கலந்து தருவார். கோவையின் தள்ளுவண்டிக் காளானுக்கு இந்தச் சர்பத் அவ்வளவாகப் பொருந்தாது; சோளமாவு சேர்ந்த அந்தக் கெட்டிக் குழம்புக்கு இனிப்பே இல்லாத உப்பு எலுமிச்சை சோடாவைத்தான் நான் கேட்டு வாங்குவேன்.