கீசரா, சோலார் வாட்டர் ஹீட்டரா?

விலையில் கீசர் மலிவு. ஆனால், 2,000 வாட் கீசர் தினமும் ஒரு மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 120 யூனிட்டைச் சேர்த்து, மேல் அடுக்குக் கட்டணத்துக்கு நம்மைத் தள்ளிவிடக்கூடும். சோலாருக்கு முதலீடு அதிகம், வெயிலுக்குக் காசில்லை.

உழைப்பில் இரண்டுக்கும் எதிரி தண்ணீர்தான். சிறுவாணி நீர் வரும் கோவை வீடுகளில் கவலை குறைவு. உப்பு மிகுந்த போர்த் தண்ணீரிலோ, கழற்றிப் பார்த்தால், கீசர் காயிலில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு ஏறியிருக்கும். சோலாரில் குழாய்களே அடைபடும்.

வசதியில், ஐப்பசி அடைமழைக்குக் கீசரே கைகொடுக்கும். சோலாரில் மாடியிலிருந்து சூடு இறங்குமுன் அரை வாளி பச்சைத்தண்ணீர் வந்து தீர வேண்டும் (அதைச் செடிக்கு ஊற்றலாம்).

வாடகை வீட்டில் இருவர் என்றால் 15 லிட்டர் கீசர் போதும். சொந்த மாடியும் ஐந்தாறு பேரும் இருந்தால் சோலாரே பொருந்தும்.