எஸ்ஐ5351ஏ க்ளாக் மாட்யூல்: அதிர்வெண்ணில் கெட்டி, பேட்டரிக்கு ஒத்துவராது

ஒரே போர்டில் மூன்று வெவ்வேறு க்ளாக் (சீரான துடிப்பு சிக்னல்) வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் முதலில் நினைவுக்கு வருவது எஸ்ஐ5351ஏ சிப்தான். சிலிக்கான் லேப்ஸ் கொண்டுவந்தது. 2021-க்குப் பிறகு ஸ்கைவொர்க்ஸ் வசம். பத்துக் கால், மூன்று வெளியீடு, 25 அல்லது 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஐ2சி (மைக்ரோகன்ட்ரோலர் சிப்போடு பேசும் இரு கம்பி இணைப்பு) முகவரி 96. (பதிவேடு என்பது சிப்பின் அமைப்பு மதிப்புகளை எழுதும் இடம். அதன் எண்களும் மதிப்புகளும் எல்லாம் தசமத்தில் தரப்பட்டுள்ளன.)

உள்ளே இரண்டு பிஎல்எல், அதாவது கிரிஸ்டலின் அதிர்வெண்ணைப் பெருக்கித் தரும் சுற்றுகள். அவை 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓட வேண்டும். அங்கிருந்து வகுத்துத்தான் வெளியீடு வரும். பெருக்கும், வகுக்கும் எண்களில் பின்னம் வந்தால் அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிஎல்எல்லை 900-இல் நிறுத்திவிட்டு வெளியீட்டு வகுப்பியில் பின்னம் போட்டால் அதிர்வெண் சரியாகத்தான் வரும், ஆனால் ஜிட்டர் (துடிப்பின் நேரத் தடுமாற்றம்) ஏறும். பின்னத்தை பிஎல்எல் பெருக்கிக்குக் கொடுங்கள். வெளியீட்டு வகுப்பி இரட்டைப்படை முழு எண்ணாகவே இருக்கட்டும்.

ஆடியோவுக்கு 12.288 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 70-ஆல் பெருக்கினால் 860.16. அதை கிரிஸ்டலின் 25-ஆல் வகுத்தால் 34.4064, அதாவது 34-உம் 254/625-உம். பெருக்கிக்கு இது, வகுப்பிக்கு 70. கணக்கில் ஒரு ஹெர்ட்ஸ்கூடப் பிசகாது. பிறகு பதிவேடு 16-இல் 79 எழுதினால் முதல் வெளியீடான க்ளாக் 0 முழு எண் முறையில், 8 மில்லியாம்ப் மின்னோட்டத் திறனில் கிடைக்கும். பிஎல்எல் எண்களை மாற்றிய பின் பதிவேடு 177-இல் 160 எழுதி இரண்டு பிஎல்எல்லையும் ரீசெட் செய்யுங்கள். ரேடியோவில் டயலைத் திருப்பும் ஒவ்வொரு படிக்கும் இதைச் செய்தால் காதில் 'டிக் டிக்' என்று கேட்கும், அங்கே தவிர்க்கலாம்.

நிலைத்தன்மை முழுக்க கிரிஸ்டலின் கையில். சிப்புக்குள்ளேயே 6, 8, 10 பிகோஃபாரட் லோடு (கிரிஸ்டலுக்கான கபாசிட்டர் சுமை) இருக்கிறது. பதிவேடு 183-இல் முறையே 82, 146, 210. உங்கள் கிரிஸ்டல் எந்த லோடுக்குச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் விட்டால் அங்கேயே பிசகு. கைக்குக் கிடைத்த 18 பிகோஃபாரட் கிரிஸ்டலைப் போட்டால் லோடு போதாமல் அதிர்வெண் மேலே ஏறி நிற்கும். நிலையான பிசகை மென்பொருளில் திருத்தலாம். வெப்பத்தால் வரும் நகர்வை அப்படித் திருத்த முடியாது: 10 மெகாஹெர்ட்ஸில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் 10 ஹெர்ட்ஸ். கிரிஸ்டலின் தலையில் விரலை வைத்துவிட்டு அதிர்வெண் கவுண்டரைப் பாருங்கள், கடைசி இலக்கங்கள் நகரும். ரெகுலேட்டரின் சூடு பக்கத்தில் இருந்தாலும் அதே கதை. இதற்கு மேல் வேண்டுமானால் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, 25 மெகாஹெர்ட்ஸ் டிசிஎக்ஸ்ஓவை (வெப்ப நகர்வை ஈடுசெய்யும் ஆஸிலேட்டர்) 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வழியாக எக்ஸ்ஏ என்ற கிரிஸ்டல் காலில் கொடுங்கள். அங்கே 1 வோல்ட் உச்சத்துக்கு உச்சம்தான் எல்லை, 3.3 வோல்ட் சதுர அலையை அப்படியே ஏற்றாதீர்கள்.

இரண்டு வெளியீடு மட்டும் போதுமென்றால் 0-உம் 2-உம் எடுங்கள். 0-உம் 1-உம் அடுத்தடுத்த கால்கள். ஒன்றின் சத்தம் மற்றொன்றில் கசியும். 2-க்கும் 1-க்கும் நடுவில் மின்வழங்கலும் கிரவுண்டும் இருக்கின்றன. வெளிவருவது சதுர அலை, மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் கூறு) சுமார் 9.5 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கும். ஆன்டெனா பக்கம் போகிறதென்றால் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் போகாதீர்கள்.

இனி மின்செலவு. மூன்று வெளியீடும் ஓடும்போது மையப் பகுதி மட்டும் சுமார் 22 மில்லியாம்ப், வெளியீட்டு பஃபர் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 2 மில்லியாம்ப் அளவில். மைக்ரோஆம்பில் ஓடும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரச் சிப்புகளின் பக்கத்தில் வைத்தால் இது பெருந்தீனிக்காரன். சேமிக்க வழி உண்டு. பதிவேடு 3-இல் வெளியீட்டை மறைப்பதோடு நிற்காமல், பயன்படாதவற்றுக்கு 17, 18-இல் 128 எழுதி டிரைவரையே அணையுங்கள். சில சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சிமாஸ் (சாதாரண லாஜிக் சிப்) உள்ளீடு மட்டும்தான் என்றால் பதிவேடு 16-இல் 79-க்குப் பதில் 76 போதும், 2 மில்லியாம்ப் மின்னோட்டத் திறன். விளிம்புகளும் சற்று மென்மையாகும்.

பேட்டரிக் கருவியில் வேலை இல்லாத நேரம் மின்வழங்கலையே பி-சேனல் மாஸ்ஃபெட் சுவிட்சால் துண்டிப்பதுதான் சரி. அப்போது ஐ2சி புல்-அப் ரெசிஸ்டர்களையும் அதே துண்டிக்கும் இணைப்பில் கட்டுங்கள். இல்லையேல் அவற்றின் வழியே சிப் அரைகுறையாக உயிர் பிழைத்திருக்கும். மறுபடி மின்சாரம் வந்ததும் எழுதிய எல்லாம் அழிந்திருக்கும். பதிவேடு 0-இன் மேல் பிட் பூஜ்யமாகும்வரை காத்திருந்து முதலிலிருந்து எழுத வேண்டும்.

ரேடியோ லோக்கல் ஆஸிலேட்டர், மைக்ரோகன்ட்ரோலர் க்ளாக், மேசைமேல் சிக்னல் ஜெனரேட்டர்: தாராளமாக வாங்கலாம். அதிவேக ஏடிசியின் (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் சிப்) சாம்பிளிங் க்ளாக்குக்கு இந்த ஜிட்டர் தாங்காது, வேறு பாருங்கள். மலிவு மாட்யூல்களில் எம்எஸ்5351எம் என்ற நகல் சிப்பும் வருகிறது. பணம் கொடுக்கும் முன் சிப்பின் மேல் உள்ள எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்துவிடுங்கள்.