வீட்டுக்குள் ஓர் ஒற்றன்: பிளக் எனர்ஜி மீட்டரோடு ஆறு வாரம்

கரண்ட் பில் வரும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். நீதிபதி நான்தான். குற்றவாளிகள் யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்ட விஷயம்: போன் சார்ஜரைச் சுவரிலேயே தொங்கவிட்டுப் போகும் மகன், நினைத்தபோதெல்லாம் கெட்டிலைத் தட்டிவிடும் கணவர். சாட்சி கிடையாது, ஆதாரம் கிடையாது, தீர்ப்பு மட்டும் உண்டு. ஆதாரம் தேடித்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஆறு வாரம் கழித்து என் தீர்ப்புகளில் பாதியை நானே ரத்துசெய்ய வேண்டியதாகிவிட்டது.

கையடக்கமான வெள்ளைப் பெட்டி. பின்பக்கம் பிளக், முன்பக்கம் பிளக் பாயிண்ட், மேலே சின்னத் திரை, மூன்று பட்டன். சுவரில் இதைச் செருகி, இதில் ஃபிரிட்ஜையோ டிவியையோ செருகினால் இந்த நொடியில் எத்தனை வாட் இழுக்கிறது, செருகியதிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம். இதைத் தவிர வேறு கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் சார்ஜர். போன் இல்லாமல் வெறும் சார்ஜரைச் செருகினேன். திரையில் 0.0. பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிக்கூடப் பார்த்தேன். இல்லை, இப்போது வரும் சார்ஜர்கள் சும்மா இருக்கும்போது எடுப்பது இதன் கண்ணுக்கே தெரியாத அளவு. 0.1 வாட் என்றே வைத்தாலும் வருடம் முழுக்கச் சேர்த்து ஒரு யூனிட் வராது. நான்கு வருடமாக அந்தப் பையனை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

கெட்டிலைப் போட்டதும் 1800 வாட் என்று எகிறியது. "பார்த்தீர்களா" என்று கணவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் கொதித்து, கெட்டில் தானே அணைந்துவிட்டது. ஒரு லிட்டருக்கு மூன்றரை நிமிடம், 0.1 யூனிட். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த விதம்தான் பொறுக்கவில்லை.

அந்தக் கோபத்தில் டிவி மேசைப் பக்கம் போனேன். டிவி ரிமோட்டில் அணைந்திருக்கும்போது 0.4 வாட். இதற்கு ஒரு கதை உண்டு. கருவிகள் ஓய்வில் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான வீட்டுக் கருவிகளின் வெறும் ஸ்டாண்ட்பைக்கு 2010-இல் 1 வாட், 2013-இல் அரை வாட் என்று சட்டமே போட்டது. புது டிவிகள் சமர்த்தாக இருக்கக் காரணம் இப்படிப்பட்ட விதிகள்தான். ஆனால் பக்கத்திலிருந்த செட்-டாப் பாக்ஸ், "அணைத்த" நிலையில், 14 வாட். ஓடும்போது 15. அதாவது ரிமோட்டில் அணைத்தால் முன்னாலிருக்கும் விளக்கு நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 0.34 யூனிட். மூன்று கெட்டில் தண்ணீரை விட அதிகம்! யாரும் பார்க்காத டிவிக்காக! அதற்குக் கீழே, வருடத்தில் பத்து நாள் பாட்டுக் கேட்கும் பழைய மியூசிக் சிஸ்டம் 11 வாட். இரண்டுக்கும் இப்போது சுவர் சுவிட்ச்சை அணைத்துவிடுகிறோம். பாக்ஸ் மறுபடி உயிர்வர இரண்டு நிமிடம் ஆகிறது. வீட்டில் புகார் வரத்தான் செய்கிறது, நான் காதில் வாங்குவதில்லை.

ஃபிரிட்ஜில்தான் ஏமாந்தேன். செருகிப் பார்த்தால் 2 வாட். பதினான்கு வயது ஃபிரிட்ஜ் இவ்வளவு சிக்கனமா என்று பூரித்துப்போனேன். கம்ப்ரஸர் நின்றிருந்த நேரம் அது என்று, சிறிது நேரத்தில் "டக்" என்று சத்தம் கேட்டு 120 ஆன பிறகுதான் உறைத்தது. ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை வாட்டைப் பார்க்கவே கூடாது. முழுசாக 24 மணி நேரம் விட்டு யூனிட்டைப் பார்க்க வேண்டும். தானாகப் பனி உருக்கும் வகையென்றால் இரண்டு நாள். எங்களுடையது ஒரு நாளைக்கு 2.1 யூனிட் தின்றது.

புது ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. அதற்கு முன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் இறுக்கம், கீழ்மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் விளிம்பு அங்கே கிழிந்து, உள்ளே அழுக்கு வேறு. ரப்பரை மாற்றினோம். சுவரோடு ஒட்டியிருந்ததை ஒரு சாண் முன்னால் இழுத்தோம். பின்பக்கக் கம்பிகளில் படிந்திருந்த தூசியைத் தட்டினோம் (அதைத் தூசி என்பது மரியாதைக்கு). உள்ளே 1 டிகிரியில் உறைந்துகொண்டிருந்ததை 4 டிகிரிக்கு ஏற்றினோம். மறுபடி 24 மணி நேரம்: 1.6 யூனிட். தினமும் அரை யூனிட் மிச்சம், அதுவும் யாரையும் திட்டாமல். இந்த ஒன்றுக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு நியாயம் என்பேன்.

வாஷிங் மெஷின் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறைக்கு 0.12 யூனிட், 60 டிகிரியில் 1.05. துணியைச் சுழற்றுவதற்கு ஒன்றும் பெரிதாகச் செலவில்லை, தண்ணீரைச் சூடாக்கத்தான் எல்லாம். இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். தினம் ஒரு சட்டை என்றால் ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சூடேற்றவே பாதி போகிறது. வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாகப் போடுவது என்று மாறிவிட்டோம்.

இனி குறைகள். பிளக் பாயிண்ட் தரையோரம் இருந்தால் திரையைப் படிக்கக் கவிழ்ந்து படுக்க வேண்டும், வெளிச்சமும் கிடையாது. என் முழங்காலுக்கு இது ஆகாது. பெட்டி அகலம், பக்கத்து பாயிண்ட்டை மறைத்துவிடுகிறது. யூனிட் விலையை ஒரே ஒரு எண்ணாகத்தான் பதிய முடியும், ஆகவே பணத்தில் காட்டும் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. சில வாட்டுக்குக் கீழே இது சொல்வது உத்தேசம்தான். திரையில் வாட் பக்கத்தில் 'விஏ' (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியது) என்று இன்னொரு எண்ணும் வரும். 9 வாட் எல்இடி விளக்குக்கு அது 16 காட்டியதும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மகன் குதித்தான். வீட்டு பில் பொதுவாக வாட் கணக்கில்தான் வரும், விஏவை மறந்துவிடலாம்.

எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பின்னால் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பெரிய சுமைகளைச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி அதன்மேல் ஹீட்டரைச் செருகும் வேலையெல்லாம் வேண்டாம்.

பெரிய குறை இன்னொன்று. அதிகம் தின்னும் ஆசாமிகள் இதன் பிடியில் சிக்குவதில்லை. சுவரோடு நேராக வயர் இணைத்த வாட்டர் ஹீட்டர், ஏசி, சீலிங் ஃபேன் எதையும் இதில் செருக முடியாது. ஹீட்டருக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல், ஒரு யூனிட் 3600 கிலோஜூல். 20 லிட்டரை 30 டிகிரி ஏற்றினால் 0.7 யூனிட். அதே 0.7 யூனிட்டில் அந்த 9 வாட் விளக்கு மூன்று நாளுக்கு மேல் விடாமல் எரியும். விளக்கை அணை, விளக்கை அணை என்று கத்திவிட்டு ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

மற்றவற்றுக்கு வீட்டு மெயின் மீட்டரே உதவியது. அதில் மின்னும் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் "யூனிட்டுக்கு 3200 துடிப்பு" என்ற பொருளில் ஒரு எண் இருந்தது. எல்லாரும் படுத்த பிறகு, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் நின்ற சமயத்தில், இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணினேன்: 18. 3600-ஐ 3200-ஆலும் 18-ஆலும் வகுத்தால் 0.0625 கிலோவாட், அதாவது சுமார் 62 வாட். வீடு தூங்கும்போது எடுப்பது அது (பாக்ஸையும் மியூசிக் சிஸ்டத்தையும் சுவரில் அணைக்கத் தொடங்குவதற்கு முன் எண்ணியது). செட்-டாப் பாக்ஸ் 14, மியூசிக் சிஸ்டம் 11, இணைய ரூட்டர் 8. மீதி 29 எங்கே? ஒவ்வொரு சர்க்யூட் பிரேக்கராக அணைத்து, மின்னல் எப்போது மெதுவாகிறது என்று பார்த்துக்கொண்டே போனதில், படிக்கட்டுக்குக் கீழிருக்கும் சாமான் அறையில் பழைய டியூப்லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. 28 வாட், ஒரு நாளைக்கு 0.67 யூனிட். அந்த அறைக்குக் கடைசியாகப் போனது நான். பெட்டி வாங்கிய அட்டையைப் பத்திரப்படுத்த.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருவேன். அந்த ஒன்றரையைத் திரைக்காகவும் என் முழங்காலுக்காகவும் குறைத்தேன். வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டிய பொருளல்ல இது. இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிடலாம், பிறகு அலமாரியில் தூங்கும். சில நாடுகளில் பொது நூலகங்களே இதைப் புத்தகம்போல இரவல் தருகின்றன. நானும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்றிரவு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி: "அக்கா, எங்க ஃபிரிட்ஜ் வெறும் 2 வாட்தான்! உங்களுது ரொம்பப் பழசு போல."